சொல்லிக்கொண்டு போனவர்கள்

பிப்ரவரி 26, வியாழன்

பொங்கலுக்கு நகைக்கடைக்காரர் கொடுத்த டைரி இது. மிளகாய் மூட்டைக்கு மேலே கிடந்ததை இன்றைக்குத்தான் தூசு தட்டி எடுத்தேன். எனக்கு எழுதுகிற பழக்கமெல்லாம் கிடையாது. எதையும் வாயால் பேசித் தீர்க்கிற பிறவி நான். ஆனால் பேச விட்டால்தானே? அவசரச் சட்டம் போட்ட நாளிலிருந்து ஊரே வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு திரிகிறது.

காலையில் இரண்டு பேர் வந்து என் மாவு மில்லுக்கு நேர் எதிரே இருக்கிற விளக்குக் கம்பத்தில் கேமரா மாட்டினார்கள். "எதுக்கப்பா இது?" என்றேன். "பாதுகாப்புக்குங்க" என்றான் ஏணியில் நின்றவன். "யாருக்குப் பாதுகாப்பு?" என்றேன். என் வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு இறங்கினான். கம்பு அரைக்க வரிசையில் நின்றவர்கள் "அப்பறமா வர்றோமுங்க" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்கள். அந்தக் கேமராவில் இடி விழ.

எல்லாம் சுடருக்காகத்தான். சுடர்க்கொடி என் ஒரே மகள். கோயம்புத்தூரில் வக்கீல். இந்தச் சட்டத்தில் பிடித்துக்கொண்டு போனவர்களை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கோர்ட்டில் மனுப் போட்டுக் கேட்டாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். அப்படிக் கேட்பதே பொது அமைதிக்குக் கேடு என்று சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்களாம். அவளுடைய சீனியரைப் பிடித்துவிட்டார்கள். அடுத்தது இவள்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்தாள். சந்தகை பிழிந்து கொடுத்தேன். தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிட்டாள். பையை மாட்டிக்கொண்டு "வர்றேன்மா" என்றாள். "போய்ட்டு வா கண்ணு" என்றேன். எங்கே என்று கேட்கவில்லை. கிளம்புகிறவளை எங்கே போகிறாய் என்று கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று. தெரியாததை எவனும் என் வாயிலிருந்து பிடுங்க முடியாது.

ஏழாவது படிக்கும்போது ஒருநாள் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு "நான் போறேன்" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டாள். மாவுக் கையோடு பின்னாலேயே ஓடி, பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவளை இறக்கி, வீட்டுக்குக் கூட்டி வந்து, உட்கார வைத்துத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, "வர்றேன்" என்று அவள் வாயால் சொன்ன பிறகுதான் விட்டேன். அன்றைக்கு அவளுக்குப் பரீட்சை. அவள் அப்பா என்னைக் கிழி கிழி என்று கிழித்தார். கிழிக்கட்டுமே. போறேன் என்று சொல்லிவிட்டுப் போகிற வீடா இது? இழவு வீட்டில்தான் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவார்கள். அன்றோடு அந்த வார்த்தை எங்கள் வீட்டை விட்டுத் தொலைந்தது. நானும் அவளைப் பார்த்து "போ" என்று மொட்டையாகச் சொன்னதில்லை.

மார்ச் 1, ஞாயிறு

ரசம் கொதிக்கும்போது போன் வந்தது. தெரியாத நம்பர். சுடர்தான். நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், நீ கால் வீக்கத்துக்கு மாத்திரை போட்டியா என்றாள். குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வை என்றேன். சிரித்தாள். "சரிம்மா, வர்றேன். வர்றேன்மா" என்று வைத்துவிட்டாள்.

ரசம் பொங்கி அடுப்பு அணைந்து கிடந்தது. போகட்டும்.

மார்ச் 2, திங்கள்

மில்லுக்கு ஈ, காக்காய் இல்லை.

மார்ச் 3, செவ்வாய்

வந்துவிட்டார்கள் ஒறம்பரைகள். விருந்தாளிக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். கூப்பிடாமல் வந்து, சொல்லாமல் அலமாரியைத் திறக்கிற ஒறம்பரை.

ஒரு பெரிய ஆபீசர், வடக்கேயிருந்து வந்தவர். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அவருக்குச் சொல்லிக் கொடுக்க நம்ம பக்கத்து ஏட்டு ஒருத்தன், சென்னியப்பன் என்று பெயர். அப்புறம் ஒரு டிரைவர். "பொம்பள இருக்கற வீட்டுக்குள்ள பொம்பளப் போலீசு இல்லாம நொழயறீங்களே, சட்டம் கிட்டம் ஒன்னுமில்லியா?" என்று கேட்டேன். சென்னியப்பன் ஆபீசரிடம் ஏதோ சொன்னான். ஆபீசர் ஏதோ சொன்னார். "அவசரச் சட்டத்துல அதெல்லாம் வேண்டாமாமுங்க" என்றான்.

ஆபீசர் கையில் பலகை மாதிரி ஒரு டேப். அதைத் தட்டி அவனிடம் காட்டினார்.

"அக்கா, ஞாயித்துக்கெழம உங்க பொண்ணு போன்ல பேசுச்சுங்களா?"

"பேசுனா. பெத்தவகிட்டப் பேசறதுக்கும் தடை போட்டாச்சா?"

"பேசுனத மெசினே கேட்டு, இங்கிலீசுல எழுதிக் குடுத்திருக்குதுங்க. 'ஐ யம் கமிங் மதர்'னு ரெண்டு தடவ போட்டிருக்குது. பொண்ணு இங்கதான் வருதுன்னு சார் சொல்றாரு. அது வர்ற வரைக்கும் நாங்க இங்கயே இருக்கோணுமாமுங்க."

இதைச் சொல்லும்போது அந்த ஆள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மில் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் ஓடியது. ஓடியதும் சிரிப்பு வந்துவிட்டது. வாயை முந்தானையால் பொத்தியும் நிற்கவில்லை. வைக்கிறேன் என்று சொல்ல வந்தவள் வர்றேன் என்று சொன்னாள். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு ஜீப், ஒரு துப்பாக்கி, ஒரு டேப்! ஊரான் வீட்டுப் பேச்சை ஒட்டுக் கேட்கிறவனுக்கு அந்தப் பேச்சாவது தெரிய வேண்டாமா?

எதற்குச் சிரிக்கிறாய் என்று ஆபீசர் முறைத்தார். "லூசுப் பசங்களா, அது..." என்று வாயைத் திறந்துவிட்டேன். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டேன். இவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிற வரைக்கும் அவள் இருக்கிற இடத்தில் இல்லை. உட்காரட்டும். நல்லா உட்காரட்டும்.

"சந்தோசத்துல சிரிக்கறேன்னு சொல்லு. மக வர்றாளில்ல" என்றேன்.

வீட்டைப் புரட்டும்போது இந்த டைரி ஆபீசர் கையில் சிக்கியது. சென்னியப்பனிடம் நீட்டினார். அவன் முதல் பக்கத்தை நிதானமாகப் பார்த்தான். "வீட்டுக் கணக்கு சார். மில்க், காபித்தூள்" என்று இங்கிலீஷ் கலந்து சொல்லிவிட்டு அலமாரியில் திருப்பி வைத்தான். தமிழ் எழுத்தே தெரியாத மடையனை எல்லாம் ஏட்டாக்கி வைத்திருக்கிறார்கள். எனக்கு நல்லதுதான்.

சாயங்காலம் ஆபீசர் லாட்ஜுக்குப் போனார். ராத்திரிக் காவலுக்கு டிரைவர் வாசலில். சென்னியப்பன் வண்டியை எடுக்குமுன் "வர்றனுங்க்கா" என்றான். எங்கள் பக்கம் நாய்க்குக்கூட 'ங்க' போட்டுப் பேசுவோம் என்று வெளியூர்க்காரர்கள் கிண்டல் செய்வார்கள். கிளம்புகிறவன் எதிரியே ஆனாலும் "போய்ட்டு வாங்க" என்று சொல்லித்தான் அனுப்புவோம். நான் சொல்லவில்லை. மில் சுவிட்சைப் போட்டேன். அரைக்க ஒன்றும் இல்லை. வெறும் மில்தான் ஓடியது.

மார்ச் 4, புதன்

மிளகாய் அரைத்தேன். யாரும் கொடுக்கவில்லை, என் மூட்டையிலிருந்தே எடுத்து அரைத்தேன். குண்டூர் மிளகாய். ஆபீசர் இருமி இருமிக் கண்ணெல்லாம் சிவந்து வாசலுக்கு ஓடினார். தினமும் அரைப்பீர்களா என்று கேட்கச் சொன்னார். "மில்லுன்னா அப்பறம் மல்லிகைப்பூவா அரைப்பாங்க?" என்றேன். சென்னியப்பன் அதை எப்படிச் சொன்னானோ, ஆபீசர் "சாரி, சாரி" என்றார்.

பால்காரப் பாவாயியை நிறுத்தி வைத்து, பேர் என்ன, யாருக்கு எத்தனை ஊற்றுகிறாய், அந்தப் பொண்ணைப் பார்த்தாயா என்று கேட்டிருக்கிறார்கள். போட்டோ வேறு எடுத்தார்களாம். "இனி நான் வல்லீங்க. எனக்கும் புள்ளகுட்டி இருக்குது" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கடுங்காப்பி குடித்தேன்.

மார்ச் 5, வியாழன்

குளித்துவிட்டு வந்து பார்த்தால் சென்னியப்பன் கையில் இந்த டைரி. நேற்று எழுதியதைப் படித்துக்கொண்டிருக்கிறான். நான் அப்படியே நின்றுவிட்டேன். எழுத்துத் தெரியாத மடையன் என்று நினைத்தேனே, அந்தப் பக்கத்தையும் படித்திருப்பான்.

ஆபீசர் வாசலில் போனில் கத்திக்கொண்டிருந்தார். சென்னியப்பன் மெதுவாகச் சொன்னான்: "அக்கா, கணக்குன்னு சொல்லியிருக்கறனுங்க. அங்கங்க பாலு, பருப்புன்னு நாலு வார்த்த எழுதுங்க. வெறும் வசவா இருந்தா எவன் கணக்குன்னு நம்புவான்?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்ன எழுதோணும்னு காக்கிச் சட்ட எனக்குச் சொல்லித் தர வேண்டாம். நீ உன்ற வேலயப் பாரு" என்றேன். சிரித்தான். அவன் சிரித்ததுதான் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. சுடர் வர்றேன் என்று சொன்னதன் அர்த்தம் இந்த ஆளுக்குத் தெரியாதா என்ன? பெருந்துறைப் பக்கம் பிறந்தவனாம். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருக்கிறான் என்றால் ஏதோ சூழ்ச்சி. என்னிடம் நல்லவன் மாதிரி நடித்து, நான் ஏமாந்த நேரம் சுடர் இருக்கிற இடத்தைக் கறக்கப் பார்க்கிறான். காக்கிக்குள் நல்ல எண்ணம் எங்கிருந்து வரும்?

பருப்பு, வெல்லம், சோப்புத்தூள். போதுமா?

மார்ச் 6, வெள்ளி

துவரம்பருப்பு. உளுந்து. ஆபீசர் மூஞ்சியைப் பார்த்தால் சாப்பிடப் பிடிக்கவில்லை.

மார்ச் 7, சனி

மல்லி வறுத்துக்கொண்டிருந்தேன். சென்னியப்பன் காப்பி குடித்த டம்ளரை அவனே கழுவிக் கவிழ்த்து வைத்தான். நான் கேட்கவில்லை, அவனாகச் சொன்னான்.

"எம்பட பொண்ணு கோயமுத்தூர்ல ஆஸ்டல்ல இருக்குதுங்க. நர்சிங் படிக்குது. பூரணின்னு பேரு. தெனம் பொழுதோட போன் பண்ணும். வெக்கறப்ப 'வர்றேன்ப்பா'ன்னுதான் வெக்கும். அதையும் எங்கியோ ஒரு மெசினு எழுதிட்டு இருக்கும்ல, அக்கா?"

மல்லி கருகிவிட்டது. அந்த ஆள் பேச்சைக் கேட்டுத்தான் கருகியது.

மார்ச் 8, ஞாயிறு

மண்டையில் அடித்துக்கொண்டேன். இத்தனை நாள் எப்படி மறந்தேன்?

புதன்கிழமை அவளுடைய அப்பாவுக்குத் திதி. எங்கள் வீட்டில் படையலுக்குச் சூடம் பற்ற வைப்பது சுடர்தான். ஆண்பிள்ளை இல்லையே என்று சொந்தக்காரர்கள் இழுத்தபோது, "எங்கப்பாவுக்கு நான்தான் பத்த வெப்பேன்" என்று நின்றவள். ஒரு வருஷமும் தவறியதில்லை. காய்ச்சலோடு வந்திருக்கிறாள், பரீட்சைக்கு நடுவில் வந்திருக்கிறாள். இந்த வருஷமும் வருவாள். போலீஸ் இங்கே சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரியாது. ஜீப்பைக்கூட மில் கொட்டகைக்குள் மறைத்து நிறுத்தியிருக்கிறார்கள்.

உட்காரட்டும், உட்காரட்டும் என்று நான்தானே இளித்தேன். பொறியில் என் வீட்டையே தேங்காய்த் துண்டாக வைத்துவிட்டார்கள். அதைப் பார்த்துக் கெக்கலி கொட்டியிருக்கிறேன்.

யாரிடம் சொல்லி அனுப்புவது? என் போன் ஆபீசரிடம். பாவாயி வருவதில்லை. அக்கம்பக்கத்தில் எட்டிப் பார்த்தால் கதவைச் சாத்துகிறார்கள். கேமரா பார்க்கிறதே. இன்றைக்குச் சோறு ஆக்கவில்லை. பிடித்துக்கொண்டு போனால் எங்கே வைப்பார்கள் என்று கேட்கக்கூட ஆள் கிடையாது. கேட்கிற ஆளே அவள்தான்.

மார்ச் 9, திங்கள்

போன் வந்தது.

ஆபீசர் ஒரு விரலை உயர்த்தி எல்லோரையும் நிற்க வைத்தார். சென்னியப்பன் சொன்னான்: "பொண்ண வரச் சொல்லோணுமாமுங்க. போலீசு, சாரு, ஓடு, வராதே, இப்படி ஏதாச்சும் வாயில வந்துச்சுன்னா மில்லுக்கு சீல். உங்களயும் கொண்டுட்டுப் போயிருவாங்களாம். ஜாமீன் கெடயாதாமுங்க." சத்தம் வெளியே கேட்கிற மாதிரி போனை மேஜை மேல் வைத்தார்கள்.

"அம்மா, நான்தான். சாப்ட்டியா?"

"ஆச்சு கண்ணு. நீ?"

"ம். கால் வீக்கம்?"

"பரவால்ல."

"அப்பா திதி புதன்தான? நான் வந்தர்றேன்மா. வெள்ளனே வந்தர்றேன்."

ஆபீசர் டேப்பைப் பார்த்தார். முகமெல்லாம் பல். பேசு பேசு என்று கையை ஆட்டினார். நான் பேசினேன். அவர்கள் சொல்லிக் கொடுத்தபடியேதான் பேசினேன். வா கண்ணு, நீதானே சூடம் பற்ற வைக்க வேண்டும், அப்பாவுக்குப் பிடித்த வெல்லக் கச்சாயம் சுடுகிறேன் என்றேன். தப்பாக ஒரு வார்த்தை இல்லை. மெஷினையே கேட்டுக்கொள்ளட்டும்.

"சரிம்மா, அப்ப வெக்கட்டுமா?" என்றாள்.

"சரி. போ" என்றேன்.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

"அம்மா?"

"போன்னு சொன்னேன் கண்ணு."

அப்புறம், "சரிம்மா. வர்றேன்" என்றாள். குரல் உடைந்திருந்தது. வைத்துவிட்டாள்.

ஆபீசர் மேஜையைத் தட்டினார். "கமிங்! வெட்னஸ்டே, கமிங்!" அப்புறம் டேப்பை உற்றுப் பார்த்து, ஏதோ உறுத்திய மாதிரி சென்னியப்பனிடம் கேட்டார். 'போ' என்ற வார்த்தை மட்டும் எனக்குக் காதில் விழுந்தது. "வாட் இஸ் போ?"

இந்த ஆளுக்குத் தெரியும். இவன் பிறந்த ஊரிலும் எந்தத் தாயும் மகளைப் பார்த்து அப்படிச் சொல்லிப் போனை வைக்கமாட்டாள். சென்னியப்பன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "ஓகே மாதிரிங்க சார். ஓகே, பை. ஆர்டினரி வேர்டு" என்றான்.

ஆபீசர் எழுதிக்கொண்டார்.

வயதாகிவிட்டது, ஏதோ வாய் தவறி வந்துவிட்டது. அப்படித்தான் எழுதி வைக்கிறேன். ஆனால் பெற்ற மகளைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்ன வாய் இன்னும் கசக்கிறது. வெல்லத்தைப் போட்டுப் பார்த்தேன். போகவில்லை.

சாயங்காலம் வழக்கம்போல "வர்றனுங்க்கா" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. மில் சுவிட்சையும் போடவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

கச்சாயத்துக்கு மாவு இடித்தேன். புரிந்திருக்குமா? புரிந்திருக்கும். பஸ்ஸிலிருந்து இறக்கிக் கூட்டி வந்தேனே. ஒருவேளை அம்மாவுக்கு என்னமோ ஆகிவிட்டது, அதுதான் அப்படிப் பேசுகிறாள் என்று பதறிக்கொண்டு வந்துவிட்டால்? சாமி, நான் கும்பிடுகிற அத்தனை சாமியும் சேர்ந்து அவளுக்குப் புத்தி கொடுக்கட்டும்.

மார்ச் 11, புதன்

விடியும்போதே வேஷ்டி, சட்டையில் ஏழெட்டுப் பேர் வந்து இறங்கிவிட்டார்கள். மில்லுக்குள் இரண்டு பேர், கொல்லையில் இரண்டு பேர், எதிர் டீக்கடையில் மீதி. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோதுகூட அவரைப் பார்க்க இத்தனை பேர் வந்ததில்லை.

படையல் போட்டேன். கச்சாயம், பொரியல், பருப்பு, பாயசம். ஆபீசர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பொழுது ஏறியது. வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டாலே எட்டி எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி தாவணி மாதிரி எதையோ போர்த்திக்கொண்டு போனாள். கொல்லையில் இருந்தவர்கள் பாய்ந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

உச்சிப் பொழுதாயிற்று. வரவில்லை.

சூடத்தை நானே பற்ற வைத்தேன். இரண்டு தீக்குச்சி அணைந்துவிட்டது. சென்னியப்பன் வெளியே போய் பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்து சுவரோரம் கைகட்டி நின்றான். "மக வல்லீங்க. நல்லா இருக்கறா. நீங்க பாத்துக்கோங்க" என்று போட்டோவிடம் சொன்னேன். திதி கும்பிடப் பெற்ற மகள் வரவில்லை என்று இப்படிச் சந்தோஷப்பட்டவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அழுதேன். சந்தோஷத்தில்தான்.

ஆபீசருக்கு முகம் செத்துவிட்டது. இலையில் கச்சாயம் வைத்துக் கொடுத்தேன். திதிச் சோற்றை எதிரிக்கும் இல்லை என்று சொல்லக்கூடாது. சாப்பிட்டார், படுபாவி. இரண்டாவதும் வாங்கிச் சாப்பிட்டார்.

மார்ச் 13, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. ஆனால் எழுத வேண்டும்.

காலையில் சென்னையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தாள். சுடர் வயதுதான் இருக்கும். தமிழ்ப் பெண். ஆபீசர் டேப்பை அவளிடம் கொடுத்தார். அவள் காதில் மாட்டிக்கொண்டு முதல் போனைக் கேட்டாள். உடனே சிரித்துவிட்டாள். "சார், இது சும்மா பை சொல்றது. தமிழ்ல எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க" என்று தமிழும் இங்கிலீஷுமாகச் சொன்னாள். அப்புறம் இரண்டாவது போனைக் கேட்டாள். சிரிப்பு நின்றது. திரும்பத் திரும்பக் கேட்டாள். என்னைப் பார்த்தாள்.

"போன்னு சொல்லியிருக்கீங்க. ரெண்டு தடவை. எங்கம்மா என்னைச் செத்தாலும் அப்படிச் சொல்லமாட்டாங்க."

"உங்கம்மா குடுத்து வெச்சவ" என்றேன். வடக்கேயிருந்து வந்தவனுக்குத்தான் தெரியவில்லை. தெரிந்தவள் வந்து தெரிந்ததை எடுத்துக் கொடுக்கிறாளே, இவளை என்ன சொல்வது?

அவள் என்னை விட்டுவிட்டுச் சென்னியப்பன் பக்கம் திரும்பினாள். "ஏட்டையா, உங்களுக்கு எந்த ஊரு?"

"பெருந்துறைப் பக்கமுங்க மேடம்."

"வர்றேன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுமுங்க."

"இத்தனை நாளா ஏன் சார்கிட்டச் சொல்லல?"

"சார் கேக்கலீங்களே" என்றான். "போ-வுக்கு அர்த்தம் கேட்டாருங்க. நான் தப்பாத்தான் சொன்னேன்."

இதை அவள் ஆபீசருக்குச் சொன்னாள். ஆபீசர் கத்திய கத்தலுக்கு மில் தகரம் அதிர்ந்தது. நாற்காலியை உதைத்தார். எத்தனை நாள் இங்கே மிளகாய்ப் பொடியைத் தின்றுகொண்டு கிடந்தேன் என்றாராம். அதை மட்டும் அந்தப் பெண் எனக்காகத் தமிழில் சொன்னாள். தகவலை மறைத்தது என்று அதே சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறதாம். ஜாமீன் கிடையாதாம்.

சென்னியப்பன் பெல்ட்டையும் தொப்பியையும் கழற்றி என் மாவுத் தராசு மேல் வைத்தான். வைத்தார் என்று எழுத வேண்டும். இத்தனை பக்கம் அவன் இவன் என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தினால் டைரி கந்தலாகிவிடும். இனிமேல் சரியாக எழுதுகிறேன். வைத்தார்.

என்னை விட்டுவிட்டார்கள். மகளைப் பிடிக்க இந்தக் கிழவி இன்னும் தேவைப்படுவாளாம். மில்லுக்குள்ளும் ஒரு கேமரா மாட்டச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். இரண்டு பேர் சென்னியப்பனை நடுவில் விட்டு ஜீப்புக்குக் கூட்டிப் போனார்கள். வண்டிப் படியில் காலை வைத்தவர் திரும்பினார். எப்போதும்போல, டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகிறவர் மாதிரியே சொன்னார்.

"வர்றனுங்க்கா."

என் வாய்க்கு என்ன வந்ததோ, வாசல் வரைக்கும் ஓடினேன்.

"போய்ட்டு வாங்க தம்பி" என்றேன். "சொல்லிட்டேன் பாருங்க. போய்ட்டு வாங்க."

தலையை ஆட்டினார். வண்டி திரும்பிப் போயிற்று.

மார்ச் 17, செவ்வாய்

மில்லுக்குள் கேமரா மாட்டியாயிற்று. முழு நேரமும் மிளகாய் அரைக்கிறேன். கண்ணாடியில் சிவப்பாகப் படிந்துவிட்டது. துடைக்க ஆள் அனுப்புவார்களாம். அனுப்பட்டும்.

மத்தியானம் ஒரு பெண் வந்து வாசலில் நின்றாள். நர்ஸ் சீருடை. கண் வீங்கியிருந்தது. "எங்கப்பா இங்கதான் டூட்டில இருந்தாருங்களா? சென்னியப்பன்னு பேரு. ஸ்டேஷன்ல கேட்டா அப்படி ஒரு ஆளே இல்லைங்கறாங்க. யாருமே பதில் சொல்ல மாட்டீங்கறாங்க" என்றாள்.

"பூரணிதான நீ?" என்றேன். பெயரைச் சொன்னதும் உடைந்து அழுதாள். உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். கச்சாயம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அவள் அப்பா என் டம்ளரைக் கழுவி வைத்ததைச் சொன்னேன். மீதியையும் சொன்னேன். கேமரா கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

அவரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கோர்ட்டில் மனுப் போட்டுக் கேட்க வேண்டும். கேட்பது குற்றம். எனக்குத் தெரியும், என் மகள் அதைத்தான் கேட்டாள். சுடரோடு படித்த வக்கீல் பையன் ஒருத்தன் கோர்ட்டுக்கு எதிரே இருக்கிறான். அவனுக்குப் பயம் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைக்கிறேன். மனுவில் கையெழுத்து பூரணி ஒன்று, துளசிமணி என்கிற நான் ஒன்று.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் கிளம்புகிறோம். எழுதி முடித்ததும் டைரியைப் பூரணி பையில் வைத்துவிடுவேன். மில் சாவியைப் பாவாயியிடம் கொடுத்தேன். மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொண்டாள்.

சுடர் எங்கே இருக்கிறாள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் சொல்லிக்கொண்டுதான் போயிருக்கிறாள். சென்னியப்பனும் சொல்லிக்கொண்டுதான் போயிருக்கிறார். வாசலைப் பூட்டும்போது நானும் கம்பத்து மேல் இருக்கிற அந்தக் கேமராவைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போவேன். வர்றேன் என்று. மெஷின் எழுதிக்கொள்ளட்டும். இந்தத் தடவை அது சரியாகத்தான் எழுதும்.